அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் வாதத்தை அலசுவது எப்படி?

1776ல் அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனிலிருந்து பிரிவதாக அறிவித்த ஆவணம்தான் அமெரிக்க சுதந்திரப் பிரகடனம். அதைப் பற்றி எழுதச் சொன்னால் பெரும்பாலோர் 'எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்ற வரியைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போவதே இல்லை. அழகான வரிதான், ஆனால் அது வாதத்தின் தொடக்கம் மட்டுமே. மொத்தத்தில் இது நீதிமன்றத்தில் போடும் மனு மாதிரி எழுதப்பட்ட ஆவணம். அப்படி நினைத்துக்கொண்டு படித்தால் பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

முதலில் முழுவதையும் சத்தமாக வாசியுங்கள். பத்து நிமிடம் போதும். காதுக்காகவும் எழுதப்பட்டதுதான் இது: 1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கில் தளபதி வாஷிங்டனின் படையினர் முன்னால் இதை வாசித்தார்கள், அன்றே ஒரு கூட்டம் போய் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் சிலையைக் கீழே இழுத்துத் தள்ளியது.

அடுத்த வாசிப்பில் பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் யார் என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். என் கணக்கில் இதைவிடப் பயனுள்ள வேலை எதுவும் இல்லை. முதல் வாக்கியத்தில் செயல்படுகிற ஆள் என்று யாருமே கிடையாது. மனித வரலாற்றின் போக்கில் பிரிவது 'அவசியமாகிறது', அவ்வளவுதான். கலகம் செய்கிறோம் என்று எங்கும் சொல்லவில்லை, காலம் அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது என்கிற தோரணை. அதன்பிறகுதான் 'நாங்கள்' வருகிறது, கூடவே தர்க்கச் சங்கிலியும். மனிதருக்கு உரிமைகள் உண்டு, அவற்றைக் காக்கவே அரசு, காக்காமல் அழிக்கிற அரசை மக்கள் மாற்றலாம். முதல் கண்ணிக்குத் தலையாட்டியவர் மூன்றாவதில் கழன்றுகொள்வது கஷ்டம். உடனே, நீண்டகாலமாக இருக்கும் அரசுகளை அற்பக் காரணங்களுக்காக மாற்றக் கூடாது என்று எதிராளி சொல்ல வேண்டியதைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். இந்த இடத்தைக் கட்டாயம் அடிக்கோடிடுங்கள். நாங்கள் அவசரக்காரர்கள் இல்லை என்று காட்டிவிட்டுத்தான் குற்றப்பட்டியலுக்குள் போகிறார்கள்.

பட்டியலில் எழுவாய் 'அவர்', அதாவது மன்னர். அவர் மறுத்தார், அவர் கலைத்தார், அவர் தடுத்தார் என்று ஒரே அமைப்பு அடுத்தடுத்து வந்து விழுகிறது. வழக்கமாக 27 குற்றச்சாட்டுகள் என்று எண்ணுவார்கள். வரிசையைக் கவனியுங்கள்: சட்டங்களுக்கு ஒப்புதல் தராத நிர்வாகக் குறையில் தொடங்கி, ஊர்களை எரித்தார், உயிர்களைப் பறித்தார் என்று போரில் போய் முடிகிறது. இன்னொன்று, வரி போட்டது பிரிட்டிஷ் நாடாளுமன்றம், ஆனால் அதன் பெயர் எங்கும் இல்லை. பட்டியலில் மன்னர் 'வேறு சிலரோடு' சேர்ந்துகொண்டார் என்று மட்டும் வருகிறது. நாடாளுமன்றத்துக்கு எங்கள்மேல் அதிகாரமே கிடையாது என்பது குடியேற்றக்காரர்களின் நிலைப்பாடு, அதனால் அறுக்க வேண்டிய உறவு மன்னரோடு மட்டும்தான். கெட்டிக்காரத்தனம்!

சரி, யாரிடம் பேசுகிறார்கள்? குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய அவையான காங்கிரஸின் உறுப்பினர்களிடம் இல்லை. பிரிவது என்று ஜூலை 2 அன்றே வாக்களித்துவிட்டார்கள், இரண்டு நாள் கழித்து ஏற்ற இந்த ஆவணம் அதற்கான விளக்கம். நடுநிலையான உலகத்தின் முன் உண்மைகளை வைக்கிறோம் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்த உலகத்தில் பிரான்சும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். 1778ல் பிரான்ஸ் அமெரிக்காவோடு கூட்டணி ஒப்பந்தம் போட்டது.

அப்புறம், விடுபட்டதையும் தேடுங்கள். பிரகடனத்தை முதலில் எழுதிய ஜெஃபர்சனின் வரைவில் அடிமை வணிகத்துக்காக மன்னரைச் சாடும் ஒரு நீண்ட பத்தி இருந்தது. எழுதியவரே அடிமைகளை வைத்திருந்தவர் என்பது வேறு கதை. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் விரும்பாததால் காங்கிரஸ் அதை வெட்டியது என்று அவர் தன் குறிப்பில் எழுதினார். பூர்வகுடிகளை 'இரக்கமற்ற காட்டுமிராண்டிகள்' என்று இழிவுபடுத்தும் வரியோ கடைசிக் குற்றச்சாட்டில் அப்படியே நின்றது. சமத்துவ வரியை மேற்கோள் காட்டும் கட்டுரை இந்த இரண்டையும் தொடாமல் போனால் அது பாராட்டு மடல்தான்.

எழுதும்போது ஈத்தோஸ் (பேசுபவரின் நம்பகத்தன்மை), பேத்தோஸ் (உணர்ச்சி), லோகோஸ் (தர்க்கம்) என்று முத்திரை குத்திவிட்டு நகர வேண்டாம், அந்த வரி யாரை எதற்குச் சம்மதிக்க வைக்கிறது என்று ஒரு வாக்கியமாவது சொல்லுங்கள். நேரம் இருந்தால் 1848ல் அமெரிக்காவின் செனிகா ஃபால்ஸ் ஊரில் நடந்த மாநாட்டில் பெண்கள் உரிமைக்காக வெளியிட்ட பிரகடனத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அதே அமைப்பு, அதே குற்றப்பட்டியல், மன்னர் இருந்த இடத்தில் மட்டும் ஆண் இருப்பார்.