உடம்பு தேறும் காலத்தில் தேனீத் தோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரை டாக்டர் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருப்பார். உடனே குடும்பத்தில் யாருக்காவது கொல்லையில் தோட்டம் போடும் யோசனை வந்துவிடும். நல்ல யோசனைதான். தேனீ தேடி வரும் செடிகளாக வைத்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருக்கவும் ஏதாவது இருக்கும். சங்கடம் என்னவென்றால், தோட்டத்தைப் பெரிதாகவும் பளிச்சென்றும் வைக்க நினைப்போம். தேனீக்கும் அது வேண்டாம், தேறி வருகிறவருக்கும் அது ஆகாது. இரண்டு பேருக்கும் ஏற்றது சின்னத் தோட்டம், அதுவும் பாதி கவனிக்காமல் விட்டது.

முதல் தவறு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் முடிப்பது. தம்பி, மச்சான், பிள்ளைகள் எல்லோரும் வந்து வண்டி மண் இறக்கி, வரிசையாகக் குரோ பேக் நிரப்பிவிட்டு, திங்கட்கிழமை சென்னைக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏறிவிடுவார்கள். தண்ணீர் ஊற்றும் வேலை யார் தலையில் விழும்? பத்து லிட்டர் பூவாளி நிறைந்தால் தண்ணீரே பத்து கிலோ. வயிற்றிலோ நெஞ்சிலோ ஆபரேஷன் ஆனவர் எத்தனை வாரம் கனம் தூக்கக்கூடாது என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நாலு தொட்டி போதும். பத்து வகைச் செடியில் ஒவ்வொன்று வைப்பதைவிட ஒரே செடியை நெருக்கமாகக் கூட்டமாக வைத்தால்தான் தேனீ தேடி வரும். ஒரே இடத்தில் நிறையப் பூ கிடைத்தால் அதற்கும் அலைச்சல் குறைவு.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. “நீங்க சும்மா உட்காருங்கப்பா” என்று எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வது. விதை பொறுக்குவது, நாற்று பிரிப்பது, பேரப்பிள்ளையோடு எந்தப் பூவுக்கு எந்தத் தேனீ வருகிறது என்று பார்ப்பது, இதெல்லாம் உட்கார்ந்தே செய்கிற வேலை. அதை அவரிடம் விட்டுவிடுங்கள்.

மண் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன். வயலில் வெறுங்காலோடு நின்று வளர்ந்தவர்களுக்குச் செருப்போடு தோட்டத்தில் இறங்குவது கூச்சமாக இருக்கும். ஆனால் நம் ஈர மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி இருக்கக்கூடும். சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோரைத்தான் அது அதிகம் தாக்கும். காலில் உள்ள சின்ன வெட்டு வழியாகவே உள்ளே போய்விடும், மழைக்காலத்தில் ஆபத்து கூடுதல். எலி மூத்திரம் கலந்த வாய்க்கால் தண்ணீரில் நின்றால் எலிக்காய்ச்சலும் வரலாம். கம்பூட், கையுறை இரண்டும் கட்டாயம். மட்கிய எரு மூட்டையை மூக்குக்கு நேரே பிரித்து உதறாதீர்கள். அந்தத் தூசியில் பூஞ்சை இருக்கும். தண்ணீர் தெளித்துவிட்டு, முகக்கவசம் போட்ட வேறொருவர் பிரிக்கட்டும். கீமோ எடுத்துக்கொண்டிருப்பவரும் உறுப்பு மாற்று ஆனவரும், டாக்டர் சரி என்று சொல்லும் வரை மண்ணைத் தொடவே வேண்டாம்.

சரி, செடிக்கு வருவோம். நர்சரிக்குப் போனதும் கண்ணைப் பறிப்பது அடுக்குச் செம்பருத்தியும் ரோஜாவும்தான். அடுக்குப் பூவில் மகரந்தக் கேசரங்களே பெரும்பாலும் இதழாக மாறியிருக்கும், தேனீக்கு எதுவும் மிஞ்சாது. மல்லிகை இரவில் விரியும், குழலும் நீளம், அது அந்துப்பூச்சிக்கு. சுரையும் அந்தியில் பூப்பதுதான். அரளி அழகாகப் பூத்தாலும் வேரிலிருந்து பூ வரை விஷம், குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம். தலையில் வைக்கவும் சாமிக்கும் மல்லிகை வேண்டுமென்றால் வையுங்கள், தேனீக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

தேனீக்கு வேண்டியது பெரும்பாலும் காசில்லாமலே கிடைக்கும். துளசி கதிர் விட்டதும் கிள்ளிவிடுவது வழக்கம்; ஒரு செடியையாவது கிள்ளாமல் விடுங்கள். பக்கத்தில் திருநீற்றுப் பச்சிலை. அஞ்சறைப் பெட்டிக் கொத்தமல்லியைத் தை மாதம் தூவி, கொஞ்சத்தைப் பறிக்காமல் பூக்க விடலாம். முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை கொல்லையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் பூசணி. விடியற்காலையில் விரிந்து முற்பகலிலேயே சுருங்கிவிடும் பூ அது. தேறி வருகிறவர் வெயில் ஏறுமுன் போய்ப் பார்க்கத் தோதானது. டாக்சிசைக்ளின் போன்ற சில மாத்திரைகள் சாப்பிடும்போது வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கன்றிப் போகும் என்பதால், நேரம் பார்த்துப் போவது எப்படியும் நல்லது.

காவிரி டெல்டாவில் பலர் கண்ணில் படாத விஷயம் ஒன்று. சுற்றிலும் பச்சைப்பசேல் என்று சம்பா நிற்கும்போது தேனீக்கு என்ன குறை என்று தோன்றும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும் பயிர், அதன் பூவில் தேன் கிடையாது. வரப்புத் தும்பையையும் களைக்கொல்லி அடித்துத் தீர்த்துவிட்டால் அந்தப் பச்சை தேனீக்குப் பட்டினி. அறுவடைக்குப் பின் உளுந்து, பயறு, எள், பங்குனி சித்திரையில் வேம்பும் புங்கும் வந்துவிடும். ஆகவே வீட்டுத் தோட்டம் கைகொடுக்க வேண்டியது ஐப்பசி, கார்த்திகையில். அதற்காக அந்த மாதத்தில் விதைத்தால் நம் களிமண்ணில் தண்ணீர் நின்று விதை அழுகிப் போகும். ஆடிப்பட்டத்திலேயே போட்டுவிட வேண்டும். தாமதமாகிவிட்டால் தாழ்வாரத்தில் தொட்டியோடு நிறுத்திக்கொண்டு தைக்குக் காத்திருங்கள்.

செடியில் அசுவினிப் பூச்சி கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடக்கூடாது. இமிடாகுளோபிரிட் செடிக்குள் ஊடுருவி மகரந்தத்திலும் தேனிலும் போய்ச் சேரும் மருந்து. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளியில் அதைப் பயன்படுத்தத் தடையே போட்டது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே அசுவினி பாதி உதிர்ந்துவிடும். போதாவிட்டால் வேப்பெண்ணெய், அதுவும் தேனீ கூடு திரும்பிய பிறகு அந்தியில், பூவில் படாமல்.

தேனீ குடிக்கத் தட்டில் தண்ணீர் வைக்கிறவர்கள் கூழாங்கல் போட மறந்தால் தேனீ மூழ்கும், தினமும் கழுவி மாற்ற மறந்தால் டெங்குக் கொசு வளரும். காய்ச்சலிலிருந்து எழுந்தவர் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

பழைய ஓட்டு வீட்டுச் சுவர்ப் பொந்தில் மெழுகுக் குழாய் மாதிரி சின்ன வாய் தெரிந்தால் அது கொசுத்தேனீ. கொட்டாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சிமெண்ட் பூசி அடைத்துவிடாதீர்கள். கறிவேப்பிலைக் கிளையில் உள்ளங்கையளவு ஒற்றை அடை தொங்கினால் அது கொம்புத்தேனீ. புகை போடாமல் ஒதுங்கிப் போனால் போதும். இதெல்லாம் தானாக வரும்போது, முதல் மாதத்திலேயே தேனீப் பெட்டி வாங்குவது அவசரம். பெட்டியைத் தூக்கிப் பிரித்துப் பார்க்க உடம்பில் தெம்பு வேண்டும்.

கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிட்டு ஐஸ் வையுங்கள். உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். முன்பு எப்போதாவது கொட்டி இப்படி ஆனவர் தோட்டத்தில் இறங்குமுன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த ஒவ்வாமைக்குப் போடும் ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.