பல்கனியில் கூட்டெரு: மூன்று வாளியும் ஒரு மூட்டை தும்புச்சோறும்

கொழும்பில் கூட்டெரு வாளியைக் கெடுப்பது ஈரம்தான். பூசணித் தோல், கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல் எல்லாவற்றிலும் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபர், நவம்பர் மழை, இடையில் கடற்காற்று என்று இந்த ஊர் எதையும் இலேசில் காயவிடாது. ஆகவே வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடியில் இருந்துகொண்டு கூட்டெரு செய்ய நினைப்பவர் முதலில் தேடவேண்டியது காய்ந்த சரக்கு. குப்பை தானாகச் சேரும்.

காய்ந்த சரக்கில் முதலிடம் தும்புச்சோற்றுக்கு, அதாவது பொச்சிலிருந்து தும்பு எடுத்தபின் மிஞ்சும் தூளுக்கு. உதிரியாக மூட்டையில் வாங்குங்கள். கட்டியாகத்தான் கிடைத்தால் நனைக்காமல் கத்தியால் சுரண்டி உதிருங்கள். கட்டியை நனைத்து ஊறவைப்பது செடி நடுவதற்கு. இங்கே நமக்கு அது தண்ணீரைக் குடிக்க வேண்டும். தும்புச்சோறு மட்டும் போட்டால் உக்க நெடுநாள் எடுக்கும். அதனால் பாதிக்குப் பாதி காய்ந்த இலைச்சருகைக் கையால் நொறுக்கிக் கலவுங்கள். சருகு இல்லாத நேரம் முட்டை அட்டையைக் கிழித்துப் போடலாம். பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம், அதில் பசை இருக்கிறது.

மூடியுள்ள 20 லீற்றர் பெயின்ற் வாளி மூன்று எடுத்து, பழைய பெயின்றைச் சுரண்டிக் கழுவுங்கள். அடியில் 6 மில்லிமீற்றர் அளவில் பன்னிரண்டு துளை, பக்கங்களில் மூன்று வரிசையாக விரற்கடை இடைவெளியில் துளைகள். பக்கத் துளைகளை உட்புறமாக நுளம்பு வலைத்துண்டால் மூடி ஒட்டிவிட்டால் இலையான் உள்ளே போகாது. வாளியை இரண்டு செங்கல்லில் தூக்கி வைத்து, கீழே ஒரு தட்டம். இடம், மழைச்சாரல் படாத சுவரோரம்.

தட்டத்தில் வடியும் நீரைத் தேங்க விடக்கூடாது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரமளவு போதும். தட்டத்தில் இரண்டு விரல் உயரத்துக்குத் தும்புச்சோறு பரப்பி, மூன்று நாளுக்கொருதரம் அதையே வாளிக்குள் கொட்டிப் புதிதாகப் பரப்புவதுதான் எளிய வழி. அப்போது தேங்கவே ஒன்றும் இராது.

வாளியின் அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தேங்காய்ப் பொச்சைப் பிய்த்துப் போட்டு, அதன்மேல் இரண்டு கைப்பிடி தோட்டத்து மண்ணோ பழைய எருவோ தூவுங்கள். உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அதில் இருக்கின்றன. காசு கொடுத்துத் தனியாக வாங்கத் தேவையில்லை. இனித் தினமும் மரக்கறிக் கழிவை ஒரு அங்குலத் துண்டாக வெட்டி, அரிதட்டில் ஒரு மணிநேரம் வடியவிட்டு, வாளியில் போடுங்கள். ஒரு கிண்ணம் கழிவுக்கு ஒன்றரைக் கிண்ணம் காய்ந்த கலவை. மழைக்காலத்தில் இரண்டு கிண்ணம். கடைசியாக மேலே தெரிவது எப்போதும் தும்புச்சோறாகவே இருக்கவேண்டும்.

நம் வீடுகளில் சிக்கல் தருவது பால் பிழிந்த தேங்காய்ப்பூ. அதில் எண்ணெய் மிச்சம் இருக்கும். மொத்தமாகக் கொட்டினால் வெள்ளைப் பாளமாக இறுகி, உள்ளே காற்றுப் போகாமல் சிக்கு மணம் எடுக்கும், எறும்பும் வரும். ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போடாமல், விரலால் உதிர்த்து, சருகோடு பிசறிப் போட்டால் அதுவே நல்ல சரக்கு. தேயிலைச் சக்கையைத் தாராளமாகப் போடலாம். தேயிலைப் பைகளில் பல பிளாஸ்ரிக் இழை கலந்தவை, அதனால் பையைக் கிழித்துத் தூளை மட்டும் கொட்டுங்கள். முட்டைக்கோதைக் காயவைத்து நொறுக்குங்கள். மீன் கழிவு, எலும்பு, கறி பிசைந்த சோறு, பூனை நாயின் மலம் வேண்டாம். சிரட்டையும் மாங்கொட்டையும் இந்த வாளியில் உக்காது. சோற்றுப்பார்சல் சுற்றிய வாழையிலையைப் போடலாம். லஞ்ச் ஷீற் என்னும் மெல்லிய பொலித்தீன் தாள் உள்ளே போய்விடாமல் பாருங்கள்.

மூன்று நாளுக்கொருதரம் கம்பால் அடிவரை கிளறி, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி கசிந்தால் பதம் சரி. ஒழுகினால் காய்ந்த கலவை இரண்டு கிண்ணம் சேர்த்து, மூடியை அரைநாள் திறந்து வையுங்கள். பிடி சேராமல் உதிர்ந்தாலோ எறும்பு குடியேறினாலோ தண்ணீர் தெளியுங்கள். கடலோர வீதியான மரைன் டிரைவ் பக்கம் காற்று நேரே அடிக்கும் பல்கனிகளில் இப்படிக் காய்ந்துபோவதையும் காணலாம்.

புளித்த, அழுகிய நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை என்று பொருள். காற்றில்லாமல் அழுகும் குப்பை மீதேன் வாயுவைக் கக்கும். 2017 ஏப்ரல் 14 புத்தாண்டு நாளில் சரிந்து 30 இற்கும் மேற்பட்டோரை மூடிய, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லைக் குப்பை மலைக்குள்ளும் ஆண்டுக்கணக்காக நடந்தது இந்த அழுகல்தான். கொழும்பு வீடுகள் வெளியே அனுப்பும் குப்பையில் எடை கூடியது சமையற் கழிவு. அதை வீட்டிலேயே உக்கவைப்பது சின்ன வேலை அல்ல.

மூக்கில் ஏறும் அமோனியா நெடி என்றால் கீரையும் தேயிலையும் கூடிவிட்டன, சருகு சேருங்கள். சாம்பல் நிறத்தில் தடித்த புழுக்கள் நெளிந்தால் பயப்படாதீர்கள். அவை கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள், கழிவை வேகமாகத் தின்பவை, கடிக்காதவை. ஈரம் குறைந்தால் அவையும் குறையும்.

நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு வாளி நிரம்ப இரண்டு மூன்று வாரம். நிரம்பியதை மூடி ஒதுக்கி, வாரம் ஒருமுறை கிளறுங்கள். மூன்றாவது வாளி நிரம்பும்போது முதலாவது ஏறக்குறைய உக்கியிருக்கும். மூன்றிலொரு பங்காக அமர்ந்து, கறுத்து, மழை பெய்த மண்ணின் வாசம் வரவேண்டும். சந்தேகமாக இருந்தால் சிரட்டையில் கொஞ்சம் எடுத்துப் பத்துப் பயறு ஊன்றிப் பாருங்கள். குறைந்தது எட்டுப் பயறு முளைத்து நிமிராவிட்டால் இன்னும் இரண்டு வாரம் விடவேண்டும். முற்றாத எரு வேரைச் சுடும்.

முற்றியதைச் சலித்து, ஒரு பங்கு எரு, இரண்டு பங்கு மண், ஒரு பங்கு தும்புச்சோறு என்று கலந்து தொட்டியை நிரப்புங்கள். சந்தையில் வாங்கும் பொன்னாங்காணிப் பிடியில் முற்றிய தண்டுகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். ஒரு மாதமளவில் வெட்டலாம். மூன்று விரல் அடித்தண்டு விட்டு வெட்டினால் திரும்பத் தழைக்கும். வல்லாரைக்கு வேர்விட்ட கொடித்துண்டும் பாதி நிழலும் தேவை. சிறிய வாளி கிருமியைக் கொல்லும் அளவுக்குச் சூடேறாது. அதனால், சம்பலாகப் பச்சையாகவே உண்ணும் வல்லாரைக்கு எருவை நடுமுன் மண்ணில் புதையுங்கள். பிறகு இலைமேல் தூவவேண்டாம், வாளியில் வடிந்த நீரையும் ஊற்றவேண்டாம். வெட்டிய இலையைக் குழாய்த் தண்ணீரில் மூன்று தரம் அலசி எடுங்கள்.