சென்னையில் கடலை ஒட்டிச் சில நாள்கள்: வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு

வெளிநாடுகளிலிருந்து தமிழ்நாட்டுக்கு வரும் நம்மவருள் பலர் சென்னையை இறங்கி ஏறும் இடமாக மட்டுமே வைத்திருக்கின்றனர். நள்ளிரவில் மீனம்பாக்கத்தில் இறங்கி, மறுநாள் தியாகராய நகரில் பட்டும் பாத்திரமும் வாங்கி, அன்றிரவே சொந்த ஊருக்கு வண்டி ஏறிவிடுகின்றனர். கடைவீதிக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; ஆயினும் மூன்று நாள்களேனும் ஒதுக்கி, இந்நகரத்தைக் கடலோரமாகப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள் என்று வற்புறுத்தவே இதை எழுதுகிறேன்.

அதற்கு எளிய துணை, உயர்த்திய பாதையில் ஓடும் பறக்கும் ரயில். கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் இத்தடம் திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை, கோட்டூர்புரம், இந்திரா நகர், திருவான்மியூர் என்று, நான் விரும்பிச் செல்லும் இடங்கள் பெரும்பாலானவற்றைத் தொட்டுச் செல்கிறது. கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் நின்றிருந்த சேவை 2024 அக்டோபரில் மீண்டும் தொடங்கிவிட்டது. கட்டணம் மிகக் குறைவு. நிலையங்கள் பரந்தும் ஆளரவம் குறைந்தும் இருப்பதால் இரவு வெகுநேரத்துக்குப் பின் ஆட்டோவோ வாடகைக் காரோ பிடிப்பது நல்லது. விமான நிலையத்துக்கு அருகே அறை எடுப்பதைவிட மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ தங்கினால், விடியற்காலையில் நடந்தே கடலை அடையலாம்.

மெரினாவை மாலையில் பார்ப்பதே வழக்கம். மாங்காய்த் துருவலும் தேங்காயும் தூவிய பட்டாணி சுண்டலுக்கும் குழந்தைகளின் குதிரைச் சவாரிக்கும் மாலைதான் ஏற்ற நேரம். எனினும் நான் பரிந்துரைப்பது காலை ஐந்தரை மணி. கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே நொச்சிக்குப்பம் பக்கம் படகுகள் கரையேறும். வலையிலிருந்து மீனை உதறி எடுப்பதையும், சங்கராவும் நெத்திலியும் காரப்பொடி மீனும் கூறு கட்டப்படுவதையும் அருகே நின்று காணலாம். வேலை செய்வோரின் வழியை மறிக்காமலும், கேட்காமல் படம் எடுக்காமலும் இருந்தால் அவர்கள் அன்பாகவே பேசுவார்கள். வடக்கு நோக்கி நடந்தால், 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட ஔவையார், கம்பர், ஜி. யு. போப், வீரமாமுனிவர் முதலியோரின் சிலைகள் வரிசையாக நிற்கும். அயல்நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒவ்வொரு சிலையாக நின்று கதை சொல்லிக்கொண்டே போக இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இக்கடலின் உள்ளிழுப்பு மிகக் கடுமையானது, ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. நன்கு நீந்தத் தெரிந்தவரும் கணுக்கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலின் உற்சவர் திருமுகத்தை ஊன்றிப் பாருங்கள். பாரதப் போரில் பீஷ்மரின் அம்புகள் தைத்ததாகச் சொல்லப்படும் வடுக்கள் அதில் இருக்கும். கோயிலுக்கு அருகிலேயே துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில், பாரதியார் இறுதி நாள்களில் வாழ்ந்து 1921 செப்டம்பரில் மறைந்த வீடு நினைவு இல்லமாகக் காக்கப்படுகிறது. பசித்தால் ரத்னா கஃபேயில், சாம்பாரில் மூழ்கிய இட்லி கிடைக்கும்.

மயிலாப்பூருக்கு ஒரு முழுக் காலையும் ஒரு மாலையும் கொடுங்கள். கபாலீசுவரர் கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும் என்பதால், காலை ஆறு மணிக்கே சென்றுவிடுவது நலம். வெளிப்பிராகாரத்தில் தலமரமான புன்னையும், அம்மை மயில் வடிவில் பூசித்ததைக் காட்டும் சந்நிதியும், பூம்பாவையின் சந்நிதியும் உள்ளன. அரவு தீண்டி இறந்த பூம்பாவையை எழுப்பத் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று இவ்வூர் விழாக்களைப் பாட்டுக்கு ஒன்றாக எடுத்துச் சொல்லி, இவற்றைக் காணாது போவாயோ என்று கேட்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அப்பதிகத்தைப் படித்துவிட்டு இம்மாட வீதிகளில் நடப்பவர்க்கு ஊர் வேறு விதமாகப் புலப்படும். மாசி மகத்தன்று சுவாமிகள் கடலாட எழுந்தருள்வது இன்றும் தொடர்கிறது. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளான அறுபத்துமூவர் விழாவுக்குப் பயணத்தைப் பொருத்திக்கொள்ள முடிந்தால், வேறெதையும் விட்டுக்கொடுத்தேனும் வாருங்கள். தெருவெங்கும் நீர்மோரும் பானகமும் சோறும் கேட்காமலே கையில் வைக்கப்படும். கூட்டம் பெரிதாக இருக்கும் என்பதால் முதியோரை மாட வீதிகளில் தெரிந்தவர் வீட்டு மாடியிலோ திண்ணையிலோ அமர்த்திவிடுவது நல்லது. சாந்தோம் தேவாலயம் அங்கிருந்து நடைத்தொலைவில், கடலுக்கு அருகே இருக்கிறது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் கடலோரத்தில் இல்லை. ஆயினும் அதை விட்டுவிட்டுச் செல்வது பேரிழப்பு. 1851இல் தொடங்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. உள்ளே சென்றதும் நேராக வெண்கலக் கூடத்துக்குப் போய்விடுங்கள். மற்றவற்றை நேரமிருந்தால் பார்க்கலாம். திருவாலங்காட்டு நடராசரை எல்லோரும் தேடிச் செல்வர். நான் அதிக நேரம் நிற்பது திருவெண்காட்டு அர்த்தநாரி முன்பு. வலப்பாதியில் சிவனுக்கு இரு கைகள், இடப்பாதியில் உமைக்கு ஒரு கை. தோளின் அகலம், இடையின் வளைவு, தொடையை மூடும் ஆடையின் நீளம் என ஒவ்வொன்றும் நடுக்கோட்டின் இருபுறமும் மாறியிருந்தும், உருவம் எங்கும் பிளவுபடாமல் ஒன்றாகவே நிற்கிறது. சோழர் காலத்துக் கைவினைஞர் இதை மெழுகில் வடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்த்தனர். ஒரு மண் அச்சிலிருந்து ஒரே படிமம்தான் பிறக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

தமிழ் படிப்பில் ஈடுபாடுள்ளவர் நூலகங்களுக்கென்று ஒரு நாளைத் தனியே ஒதுக்க வேண்டும். பெசன்ட் நகரில் உ. வே. சாமிநாதையர் நூலகம் அவர் தொகுத்த சுவடிகளைக் காத்து வருகிறது. தரமணியில், இந்திரா நகர் நிலையத்துக்கு அருகே, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உள்ளது. கோட்டையூரைச் சேர்ந்த, விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளுமே அதன் அடிப்படை. 1994 முதல் நூலகமாக இயங்குகிறது. வார நாளில், அடையாளச் சான்றுடன், என்ன தேடுகிறீர்கள் என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிட்டுச் செல்லுங்கள். சிறுவர்களுக்குக் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தனிப் பிரிவே உண்டு.

பறக்கும் ரயிலின் மறுமுனையான கடற்கரை நிலையத்துக்கு மாலையில் செல்லுங்கள்; எதிரே சென்னைத் துறைமுகம். 1860 அக்டோபரில், இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிய ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்தே புறப்பட்டு, நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் தாத்தா பாட்டியரை ஏற்றிச் சென்ற ரஜூலா கப்பலும் இத்துறைமுகத்திலிருந்து 1970களின் தொடக்கம் வரை சென்று வந்தது. துறைமுகத்தினுள் செல்ல அனுமதி இல்லை. ஆனால் பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் அத்தோ விற்கும் தள்ளுவண்டிகள் மாலையில் வரும். 1960களில் பர்மாவிலிருந்து உடைமைகளை இழந்து திரும்பிய தமிழர் கொண்டுவந்த உணவு இது: நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய் ஆகியவற்றைக் கையாலேயே பிசைந்து தருவார்கள்; உடன் வாழைத்தண்டு சூப். வெளியேறிய தமிழரின் கதையில் திரும்பி வந்தோரும் உண்டு என்பதை அங்கே நின்று சாப்பிடுகையில் உணர முடியும்.

வருவதற்கு உகந்த காலம் மார்கழி, தை. கச்சேரிப் பருவத்தில் பிற்பகல் கச்சேரிகள் பல சபாக்களில் கட்டணமின்றியே நடக்கும். பொங்கலையொட்டிப் புத்தகக் காட்சி இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை புயல் மழைக்கு இடம் விட்டுத் திட்டமிடுங்கள். மே மாத வெயிலில் முதியோரை அலைக்கழிக்க வேண்டாம்.

மாமல்லபுரம் சென்றால், தொல்லியல் துறையின் நுழைவுக் கட்டணத்தில் வெளிநாட்டவருக்கும் இந்தியருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்போரும் இலங்கைக் கடவுச்சீட்டு உடையோரும் இந்தியருக்கான கட்டணத்தையே செலுத்தலாம். ஆகவே அட்டையையோ கடவுச்சீட்டையோ விடுதியில் விட்டுவிட்டு நகலை மட்டும் எடுத்துச் செல்லாமல், மூலத்தையே கையில் வைத்திருங்கள். ஆட்டோ, பூக்கடை, தேநீர்க்கடை எல்லாம் கைபேசி வழியாகப் பணம் செலுத்தும் யுபிஐக்கு மாறிவிட்டன. வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஈ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு உள்ளவர்கள், சிங்கப்பூர், கனடா, பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளின் கைபேசி எண்ணைக் கொண்டே அதை இயக்க முடியும். புறப்படுமுன் வங்கியிடம் பேசிச் செயல்படுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்கள் நூறு, ஐம்பது ரூபாய்த் தாள்களைச் சில்லறையாக வைத்திருக்க வேண்டும்.

சொந்த ஊருக்குப் பேருந்தில் செல்வோர் பழைய நினைவில் கோயம்பேட்டுக்குப் போய்விட வேண்டாம். திருச்சி, மதுரை, நெல்லை உள்ளிட்ட தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்திலிருந்தே புறப்படுகின்றன. மயிலாப்பூரிலிருந்து மாலை நெரிசலில் அங்கே சென்று சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பெட்டிகள் அதிகமிருந்தால் எழும்பூரிலிருந்து இரவு ரயிலை முன்பதிவு செய்துகொள்வதே வசதி.