மெயின் லைனில் எல்இடி: ஓம் மட்டும் பார்த்தால் போதாது

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துப் பழைய வீடுகளில் சுவிட்ச்போர்டு இண்டிகேட்டர் மங்கிப்போனால், அங்கே ஒரு சிவப்பு எல்இடியை வைக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் 12 வோல்ட்டுக்குப் போடும் 470 ஓம் ரெசிஸ்டரை (கரண்டைக் கட்டுப்படுத்தும் தடை; அதன் அளவுதான் ஓம்) 230 வோல்ட்டில் மாட்டினால் அரை ஆம்பியர் வரை பாயும். எல்இடி அப்போதே போய்விடும், ரெசிஸ்டரும் தீய்ந்துவிடும்.

இந்தத் தவற்றைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். ஆனால் ஓமைச் சரியாகக் கணக்கிட்டு வாட்டை மறந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. 47 கிலோ ஓம் போட்டால் சுமார் 5 மில்லி ஆம்பியர்தான். ஆனால் ரெசிஸ்டரில் 1.1 வாட் வெப்பமாகிறது. கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் கால் வாட் ரெசிஸ்டர் அதைத் தாங்காது. 100 கிலோ ஓம் போட்டாலும் அரை வாட்டுக்கு மேல். இரவும் பகலும் எரியும் விளக்கு, மூடிய பெட்டி, அதில் சித்திரை வெயில் வேறு! எல்இடிக்கு 20 மில்லி ஆம்பியர் வேண்டும் என்ற பழைய பாடத்தை விட்டுவிடுங்கள். இப்போது வரும் எல்இடிகள் 2 மில்லி ஆம்பியரிலேயே நன்றாகத் தெரியும்.

அப்புறம், ரெசிஸ்டருக்கும் வோல்ட் வரம்பு உண்டு. கால் வாட் ரகத்துக்குப் பெரும்பாலும் 250 வோல்ட்தான். லைன் கொஞ்சம் ஏறினால் விளிம்புக்கே வந்துவிடும். அதனால் 47 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக (ஒன்றன்பின் ஒன்றாக), பேஸ் (கரண்ட் வரும் வயர்) பக்கம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் 115 வோல்ட், 0.28 வாட் மட்டுமே விழும்.

ஏசி மின்சாரம் திசை மாறும்போது எல்இடி தாங்கும் தலைகீழ் வோல்ட் வெறும் 5 அளவுதான். எல்இடிக்கு இணையாக, எதிர்த்திசையில் ஒரு 1என்4007 டயோடு (ஒரு திசையில் மட்டும் கரண்டை விடும் பாகம்) அவசியம்.

காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்தில் உப்புக் காற்று சால்டரையும் கம்பிக் கால்களையும் அரிக்கும். வெறும் டேப் சுற்றாமல் ஸ்லீவ் (காப்புக் குழாய்) போடுங்கள். இதில் எந்த முனையைத் தொட்டாலும் ஷாக்தான். வேலைக்கு முன் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்தும் பாருங்கள். எல்இடி அணைந்திருப்பதை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள், அதுவே பழுதாகியிருக்கலாம்.

சுவிட்சை அணைத்தும் லேசாக மினுங்குகிறதா? பக்கத்தில் ஓடும் பேஸ் வயரிலிருந்து தாவும் சிறு கரண்ட்தான் பெரும்பாலும் காரணம். எல்இடிக்கு இணையாக 10 கிலோ ஓம் ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும்.