ஐடி புராஜெக்ட்டில் ரிஸ்க்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த ஐடி புராஜெக்ட்டை எடுத்தாலும் தொடக்கத்திலேயே ரிஸ்க்குகளைப் பட்டியலிட ஒரு எக்செல் ஷீட் தயாராகிவிடும். "ஆள் பற்றாக்குறை வரலாம்", "டெட்லைன் தள்ளிப்போகலாம்" என்று வரிசையாகச் சில வரிகள். எதிரே ஆபத்தின் அளவைக் காட்ட சிவப்பு, மஞ்சள், பச்சை. முதல் மீட்டிங்கில் எல்லோரும் ஒருமுறை பார்ப்பார்கள். அப்புறம் அது திறக்கப்படுவது ஆடிட் வரும்போதுதான். மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

"டெட்லைன் தள்ளிப்போகலாம்" என்பது விளைவு. எதனால் தள்ளிப்போகும் என்பதுதான் ரிஸ்க். "பேமென்ட் பகுதியை முழுவதும் அறிந்தவர் ஒருவர்தான், டெஸ்டிங் நடக்கும் மாதத்தில் அவர் நீண்ட விடுப்பில் போகிறார்" என்று எழுதிப் பாருங்கள். உடனே வழியும் தெரியும்: இன்னொருவரை இப்போதே அவருடன் உட்கார வைக்கலாம், அல்லது டெஸ்டிங்கை முன்கூட்டியே நடத்தலாம். அந்த வரிக்கு எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும் இருந்தே ஆகவேண்டும். பொறுப்பாளர் "டீம்" என்று போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது, "பேக்கப் இருக்கிறது" என்று எழுதிவிட்டு அந்த வரியை மூடிவிடுவது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் கோடைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் சர்வர் மாறிப்போய், ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸையே அழித்துவிட்டார். போனது சுமார் 300 ஜிபி. பேக்கப், ரெப்ளிகேஷன் (டேட்டாவை இன்னொரு சர்வரில் தொடர்ந்து நகலெடுப்பது) என்று ஐந்து ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. வழக்கமாக எடுக்கப்பட வேண்டிய பேக்கப், டேட்டாபேஸ் வெர்ஷன் பொருந்தாததால் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு, யார் கண்ணிலும் படவில்லை. காப்பாற்றியது, ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து டேட்டாவின் நகல். இதையெல்லாம் ஒளிக்காமல் விரிவாக வெளியிட்டதற்காக அந்த நிறுவனத்தை மதிக்கிறேன். பேக்கப் எடுப்பதோடு வேலை முடியாது. அதை எடுத்து வேறொரு சர்வரில் போட்டு, டேட்டா திரும்புகிறதா, எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்த பிறகே ரிஸ்க் குறைந்ததாகக் கணக்கு.

வெண்டர், அதாவது ஒப்பந்தத்தில் வேலையைச் செய்து தரும் நிறுவனம், சொன்னதை அப்படியே நம்புவதும் இதே வகைதான். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர் கணக்குகளை ஒரே மூச்சில் புதிய சிஸ்டத்துக்கு மாற்றியது. இரண்டு டேட்டா சென்டர்கள் இருந்தும், முக்கியமான சோதனைகள் ஒன்றில்தான் நடந்திருந்தன. வேலையைச் செய்த நிறுவனம் தந்த உறுதிமொழி, "தயாராகிவிடுவோம்" என்ற எதிர்பார்ப்பாகத்தான் இருந்தது. "தயார்" என்பதற்கான சான்றாக இல்லை. லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். 2022-இல் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம். வெண்டரின் பின்னால் இருக்கும் துணை ஒப்பந்ததாரர்கள் யார் யார் என்று கேளுங்கள். டெஸ்ட் முடிவுகளை நீங்களே பாருங்கள்.

ரோல்பேக் திட்டம், அதாவது சிக்கல் வந்தால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி, இல்லாமல் லைவ் போவது (நிஜப் பயன்பாட்டுக்கு விடுவது) இன்னொன்று. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் இயங்கிய நைட் கேப்பிட்டல் நிறுவனம், எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய மென்பொருள் கோடைப் போட்டிருந்தது. எட்டாவதில் இருந்த பழைய கோடு விழித்துக்கொண்டு ஆர்டர்களைக் கொட்டியது. பதற்றத்தில் சரியாக இருந்த ஏழிலிருந்தும் புதிய கோடை நீக்கினார்கள். நிலைமை இன்னும் மோசமானது. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். சந்தை திறக்கும் முன்பே அந்தப் பிழையைக் குறிப்பிட்டு 97 தானியங்கி மின்னஞ்சல்கள் வந்திருந்தன. ஆனால் அவை அலாரமாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, யாரும் செயல்படவில்லை. எச்சரிக்கை வந்தால் யார் பார்ப்பார், எந்த நிலையில் யார் நிறுத்தச் சொல்வார் என்பதை லைவ் போகும் முன்பே எழுதி, ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

ரிப்போர்ட் எப்போதும் பச்சையாகவே இருப்பதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். கீழே வேலை பார்க்கும் டெவலப்பருக்குச் சிக்கல் தெரியும். லீட் அதை "கொஞ்சம் தாமதம்" என்பார், மேனேஜர் "சமாளித்துவிடலாம்" என்பார், இயக்குநர் மேசைக்குப் போகும்போது பச்சையாகிவிடும். இதற்கு எந்த டூலும் மருந்தாகாது. மஞ்சள் காட்டியவரிடம் "ஏன் இப்படி ஆனது?" என்று முதலில் கேட்டால், அடுத்த வாரம் அவர் பச்சைதான் காட்டுவார். "என்ன உதவி வேண்டும்?" என்று கேளுங்கள்.

எல்லா ரிஸ்க்கையும் தீர்க்க முடியாது. சிலவற்றை ஏற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும். ஆனால் பாதுகாப்புச் சோதனையைத் தவிர்த்துவிட்டு லைவ் போகும் முடிவை புராஜெக்ட் மேனேஜர் தனியாக எடுக்கக் கூடாது. நஷ்டம் யார் தலையில் விழுமோ, அந்தத் துறையின் தலைவர் கையெழுத்துப் போடட்டும். எந்தத் தேதியில் மறுபடி பார்க்கப் போகிறோம் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.