தோள் கேமராவா, கைக்கேமராவா: தொழில்முறை ஒளிப்பதிவாளர் தேர்ந்தெடுக்கும் வழி

சிங்கப்பூரில் திருமணம், கோயில் விழா, மேடை நிகழ்ச்சி ஆகியவற்றைப் பதிவு செய்யும் தமிழ் ஒளிப்பதிவாளர்கள் புதிய கேமரா வாங்க முற்படும்போது பெரும்பாலும் முதலில் கேட்பது, “எதில் படம் தெளிவாக இருக்கும்?” என்பதுதான். தோளில் வைக்கும் பெரிய கேமராவின் படம் உயர்ந்தது, கையில் பிடிக்கும் சிறிய கேமராவின் படம் அதற்கு ஒரு படி கீழே என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அந்த எண்ணத்தோடு கடைக்குச் செல்பவர் தவறான கேமராவோடு திரும்ப வாய்ப்பு அதிகம். கேமராவை எவ்வளவு நேரம் இடைவிடாமல் தாங்கப்போகிறீர்கள், எந்த இடத்தில் எந்த உயரத்தில் நின்று எடுக்கப்போகிறீர்கள், உங்களோடு உதவியாளர் வருவாரா ஆகிய மூன்றைக் கொண்டே உடல் வடிவத்தை முடிவு செய்ய வேண்டும். படத்தின் தரத்தைத் தனியாக எடைபோட வேண்டும்.

தோள் கேமரா எப்படி அந்த வடிவத்தைப் பெற்றது என்பதைத் தெரிந்துகொள்வது இங்கே உதவும். 1982இல் சோனி நிறுவனம் பீட்டாகேம் முறையை அறிமுகப்படுத்தியபோது, கேமராவும் அரை அங்குல ஒளிநாடாவில் பதியும் கருவியும் ஒரே உடலாகத் தோளில் ஏறின. அதற்கு முன் செய்திக் குழுவில் ஒருவர் கேமராவையும் மற்றொருவர் பதிவுக் கருவியையும் சுமந்து, இடையில் ஒரு கேபிளோடு சேர்ந்தே நடக்க வேண்டியிருந்தது. 1995இல் வெளிவந்த சோனி டிசிஆர்-விஎக்ஸ்1000 போன்ற கேமராக்கள் சிறிய டிஜிட்டல் ஒளிநாடாவில் பதிந்ததால் கைக்குள் அடங்கின. இன்று ஒளிநாடாவே மறைந்து எல்லாம் மெமரி கார்டில் பதிவாகிறது என்பதால் பெரிய உடலுக்கான பழைய காரணம் இல்லை. எஞ்சியிருக்கும் காரணங்கள் இரண்டு: ஒன்று, கழற்றி மாட்டக்கூடிய பெரிய ஜூம் லென்ஸ், மற்றொன்று, எடையை உடல் தாங்கும் முறை.

சென்சாரும் லென்ஸும்

தோள் வடிவம் பெரிய சென்சாருக்கு (ஒளியைப் படமாக மாற்றும் சில்லுக்கு) உத்தரவாதம் அல்ல. திருமண ஒளிப்பதிவாளர்களை மனத்தில் வைத்துச் சோனி வெளியிட்ட எச்எக்ஸ்ஆர்-எம்சி2500 தோளில் அமரும் கேமராதான். ஆனால் அதனுள் இருப்பது கால் அங்குல வகைச் சென்சார் ஒன்றே. அதே நிறுவனத்தின் கைக்கேமராவான பிஎக்ஸ்டபிள்யூ-இசட்280இல் அரை அங்குல வகைச் சென்சார்கள் மூன்று உள்ளன. கேனன் எக்ஸ்எஃப்605, பானசோனிக் ஏஜி-சிஎக்ஸ்350 ஆகிய கைக்கேமராக்களில் ஓர் அங்குல வகைச் சென்சார் உள்ளது. இதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 16 மி.மீ.; ஒளிபரப்புத் துறையின் தோள் கேமராக்களில் வழக்கமாக இருக்கும் மூன்றில் இரண்டு அங்குல வகைச் சென்சாரின் மூலைவிட்டமோ 11 மி.மீ. மட்டுமே. ஆகவே பரப்பளவில் கைக்கேமரா முந்திவிடுகிறது.

ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை. மேற்சொன்ன இரண்டு ஓர் அங்குலக் கேமராக்களின் லென்ஸும் விரிகோணத்தில் எஃப்2.8 வரை திறந்தாலும், முழு ஜூமில் எஃப்4.5 வரைதான் திறக்கும் (எண் பெரிதானால் திறப்பு சிறிது); அதாவது தொலைவுக்குச் செல்லச் செல்ல, உள்ளே வரும் ஒளி பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. மங்கலான மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடையை நெருங்கி எடுப்பவருக்கு இது பெரிய இழப்பு. பி4 மவுண்ட் (தோள் கேமராவில் லென்ஸைப் பொருத்தும் வளையம்) கொண்ட ஒளிபரப்பு லென்ஸ்கள் ஜூமின் பெரும்பகுதியிலும் தம் திறப்பை இழக்காமல் வைத்திருப்பதே அவற்றின் மதிப்பு. அவற்றில் உள்ள, காட்சியை இருமடங்கு நெருக்கமாக்கும் எக்ஸ்டெண்டரைப் போட்டால் மட்டும் இரண்டு ஸ்டாப் ஒளி குறையும், அதாவது நான்கில் ஒரு பங்கே மிஞ்சும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கழற்றி மாட்டும் லென்ஸுக்கு உரிய பொறுப்பு ஒன்றும் உண்டு: லென்ஸை மாற்றும்போதெல்லாம் பேக் ஃபோகஸை (லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரச் சீரமைப்பை) சரிபார்க்க வேண்டும். இல்லையெனில் நெருக்கத்தில் கூர்மையாக இருந்த முகம் விரிகோணத்துக்கு வரும்போது மங்கிவிடும். லென்ஸ் நிலையாகப் பொருத்தப்பட்ட கைக்கேமராவில் இந்தக் கவலை இல்லை.

உடல் தாங்கும் முறை

நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நடப்பதற்கும் கையை முன்னே நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இந்த இரண்டு கேமராக்களுக்கும் இடையில் உள்ளது. லென்ஸும் பேட்டரியும் சேர்ந்த தோள் கேமரா ஆறு, ஏழு கிலோ வரை போகலாம். கைக்கேமரா பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று கிலோவுக்குள் இருக்கும். இருந்தும் பத்து நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டுமென்றால், இரண்டரைக் கிலோ கைக்கேமராவே முதலில் நடுங்கத் தொடங்கும். அதன் எடை முழுவதும் மணிக்கட்டிலும் முழங்கையிலும் உடலுக்கு முன்னால் தொங்குவதே இதற்குக் காரணம். தோள் கேமராவை தோள், வியூஃபைண்டரில் பதிந்த முகம், லென்ஸின் பிடியில் உள்ள வலக்கை, ஃபோகஸ் வளையத்தில் உள்ள இடக்கை ஆகிய நான்கும் சேர்ந்து நிலைநிறுத்துகின்றன. எடை அதிகம் என்பதாலேயே அது சிறு நடுக்கங்களுக்கு எளிதில் அசைவதில்லை. கைக்கேமராக்களில் உள்ள பட நிலைப்படுத்தும் வசதி பெரிதும் உதவும். ஆனால் முழு ஜூமில் களைத்த கையை அது முழுமையாக ஈடுசெய்யாது.

தோள் கேமராவைச் சரியாக வைக்கும் முறையைப் பலர் கற்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. தோள்பட்டைத் திண்டை முன்னும் பின்னும் நகர்த்தி, கைகளைச் சற்றே தளர்த்தினாலும் கேமரா முன்பக்கம் சாயாத இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். லென்ஸ் கனமானதென்றால் பின்பக்கம் கனமான பேட்டரியை மாட்டிச் சமன் செய்யலாம். இதைச் செய்யாமல் வலக்கையால் முன்பாரத்தைத் தூக்கிப் பிடித்தபடியே நாள் முழுவதும் வேலை செய்பவர், தோள் கேமராவே உடலுக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுகிறார்.

தோள் கேமராவின் பெரிய குறை அதன் உயரம். அது உங்கள் கண் உயரத்திலிருந்து மட்டுமே உலகைப் பார்க்கும். அத்துடன் கேமராவின் உடல் உங்கள் வலப்பக்கப் பார்வையை மறைத்துவிடும்.

திருமணமும் கோயிலும்

இந்தக் குறை நம் திருமணங்களில் உடனே தெரியும். மணமக்களும் குருக்களும் மணவறையில் தாழ்வாக அமர்ந்திருக்கிறார்கள்; தோள் கேமராவோடு நிற்பவருக்கு உச்சந்தலைகளே கிடைக்கும், மண்டியிட்டு எடுத்தால் எழுந்து இடம் மாறுவது சிரமம். மேற்பிடியைப் பற்றிக் கைக்கேமராவை இடுப்பளவுக்குத் தாழ்த்தி, திரையை மேல்நோக்கித் திருப்பினால் ஓமகுண்டத்தின் மட்டத்திலேயே முகங்களைப் பிடிக்கலாம். தாலி கட்டும் கணத்தில் உறவினர்கள் சூழ்ந்துகொண்டால் அதே கேமராவைத் தலைக்கு மேல் உயர்த்தலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்திலோ சமூக மன்றத்தின் சிறிய அறையிலோ நடக்கும் நிகழ்ச்சி என்றால், பின்னால் நகர இடமிருக்காது என்பதால் விரிகோணத்தின் அளவையும் பாருங்கள் (மி.மீ. எண் சிறிதானால் கோணம் அகலம்): சிஎக்ஸ்350 24.5 மி.மீ.க்கு நிகரான கோணத்தில் தொடங்குகிறது, இசட்280 ஏறத்தாழ 30 மி.மீ.இல் தொடங்குகிறது. காகிதத்தில் சிறியதாகத் தோன்றும் இந்த வேறுபாடு, சுவரோடு சாய்ந்து நிற்கும்போது இரண்டு உறவினர்களைப் படச்சட்டத்துக்குள் சேர்க்கும் அல்லது வெளியே தள்ளும்.

ஒலி விஷயத்தில் இரண்டு வகையிலும் தொழில்முறை மைக்குக்கான எக்ஸ்எல்ஆர் உள்ளீடுகள் கிடைக்கும். தோள் கேமராக்கள் பலவற்றில் வயர்லெஸ் ரிசீவரை உள்ளேயே செருகும் இடமும் உண்டு. எந்த வடிவத்தை வாங்கினாலும், கெட்டிமேளம் முழங்கும்போது தானியங்கி ஒலி அளவை நம்பியிருக்காதீர்கள். தவிலுக்கு அஞ்சி அளவைத் தாழ்த்தும் கேமரா, அது ஓய்ந்த பிறகு சில கணங்களுக்கு மந்திரத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். ஒரு சேனலைக் கையால் அமைத்து, அதே ஒலியை இரண்டாம் சேனலில் 12 டெசிபெல் குறைத்துப் பதிவு செய்தால், முதலாவது உடைந்துபோனாலும் இரண்டாவது காப்பாற்றும்.

புகைப்படக்காரர்களின் ஃபிளாஷ் ஒளியையும் மறக்கக்கூடாது. வழக்கமான சிமாஸ் சென்சார் வரிவரியாகப் படிப்பதால், ஃபிளாஷ் மின்னும்போது படத்தின் ஒரு பாதி மட்டும் வெளுத்துப்போகும். படம் முழுவதையும் ஒரே கணத்தில் படித்து இதைத் தவிர்க்கும் குளோபல் ஷட்டர், மூன்றில் இரண்டு அங்குல வகைச் சென்சார்கள் மூன்று கொண்ட பிஎக்ஸ்டபிள்யூ-இசட்750 போன்ற விலையுயர்ந்த தோள் கேமராவில் இருக்கிறது. திருமணத்துக்காக மட்டும் அந்த விலையைக் கொடுக்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். விளக்கு மினுக்கத்தைப் பொறுத்தவரை, சிங்கப்பூரின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைப்பதே இரண்டு வகைக்கும் பாதுகாப்பானது.

தைப்பூச ஊர்வலத்தின் தேவை வேறு. சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோட்டிலுள்ள ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் ஒரு காவடியைத் தொடர்ந்து செல்ல வேண்டுமானால், அடிக்கடி கேமராவை இறக்கி, முன்னால் விரைந்து, மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும். தனியாகச் செல்பவருக்குக் கைக்கேமராவே உகந்தது. தோள் கேமராவோடு பின்னோக்கி நடப்பவருக்கு, மறைந்த வலப்பக்கத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் உதவியாளர் கட்டாயம் வேண்டும்; பால்குடம் சுமந்து வருபவர்மேல் மோதுவது நம் தொழிலுக்கும் பக்திக்கும் இழுக்கு. வெயிலடிக்கும் சாலையிலிருந்து ஆலயத்தின் உட்புறம் வரை ஒரே ஓட்டமாக எடுப்பதற்கு இசட்280இல் உள்ள, ஒளியைக் குறைக்கும் அளவு படிப்படியாக மாறும் என்டி ஃபில்டர் மிகவும் பயன்படும். இதற்கு மாறாக, சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தின் தீமிதியை ஒதுக்கப்பட்ட இடத்தில் மணிக்கணக்காக நின்று, பூக்குழியைத் தொலைவிலிருந்து எடுப்பவருக்குத் தோள் கேமராவும் நீண்ட ஜூமும் தம் விலைக்கு உரிய பலனைத் தரும். எந்த ஆலயமானாலும் நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

முழு நிகழ்ச்சியையும் முக்காலியிலேயே எடுப்பவர்களுக்குத் தோளா, கையா என்பது பெரிய கேள்வியே அல்ல. தோள் கேமராவுக்கு, தலைப்பகுதி அமரும் கிண்ணம் 100 மி.மீ. உள்ள உறுதியான முக்காலி தேவைப்படலாம், கைக்கேமராவுக்கு 75 மி.மீ. போதும் என்ற செலவு வேறுபாட்டை மட்டும் கணக்கில் சேருங்கள். மண்டபத்தின் பின்புறத்திலிருந்து மேடைத் திரைக்கு நேரலை அனுப்புவதாக இருந்தால் எஸ்டிஐ (நீண்ட கேபிளிலும் படத்தை அனுப்பும் ஒளிபரப்பு இணைப்பு) வெளியீடு உள்ளதா என்று பாருங்கள். நீண்ட தூரத்துக்கு எச்டிஎம்ஐ கேபிளை நம்ப முடியாது. முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யும் பணிக்கு மட்டும் நான் தயங்காமல் கைக்கேமராவையே பரிந்துரைப்பேன். பெரிய கேமராவைக் கண்டதும் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, செய்தி வாசிப்பது போலப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பேச்சில் அவர்களுடைய இயல்பான தமிழ் இருப்பதில்லை.

பேட்டரி, பயணம், ஈரப்பதம்

கேமரா எத்தனை வாட் மின்சாரம் எடுக்கும் என்பது அதன் விவரத்தாளில் இருக்கும். 35 வாட் எடுக்கும் தோள் கேமராவுக்கு 95 வாட்-மணி பேட்டரி இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். நாள் முழுவதற்கும் நான்கு தேவை. சென்னைக்கோ மதுரைக்கோ சென்று படமெடுப்பவர்கள், உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும், 100 வாட்-மணிக்கு மேல் 160 வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அவையும் இரண்டுக்கு மேல் கூடாது என்பதையும் மனத்தில் கொண்டு வாங்க வேண்டும்.

குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஈரம் படிவதை இங்கே எல்லாரும் அறிவோம். கண்ணாடி பெரிதாக இருக்கும் தோள் கேமராவில் அது மறைய அதிக நேரம் பிடிக்கும். கேமராவைப் பையை மூடியபடியே முன்னதாக வெளியே கொண்டுவந்து வைத்து, வெப்பத்துக்குப் பழகவிடுங்கள்.

வாங்குவதற்கு முன்

இரண்டையும் ஒவ்வொரு நாள் வாடகைக்கு எடுத்து, உங்கள் வழக்கமான நிகழ்ச்சி ஒன்றிலேயே பயன்படுத்திப் பார்ப்பதற்கு ஈடான சோதனை வேறில்லை. முழு ஜூமில் பத்து நிமிடம் நிறுத்தாமல் பிடித்து, தொடக்கத்தையும் கடைசி நிமிடத்தையும் பெரிய தொலைக்காட்சியில் ஒப்பிடுங்கள். தாழ்ந்து எடுங்கள், உயர்த்தி எடுங்கள், இருபது அடி நடந்து எடுங்கள். மறுநாள் காலையில் எந்த இடம் வலிக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு வலிப்பவர் கைக்கேமராவோடு ஒற்றைக்கால் தாங்கியைச் சேர்ப்பதையும், இடுப்பு வலிப்பவர் தோள் கேமராவைச் சமன் செய்யும் முறையையும் பரிசீலிக்க வேண்டும்.

விலையைப் பேசும்போது 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி சேர்ந்ததா என்று கேளுங்கள். தோள் கேமரா என்றால் உடலின் விலை, லென்ஸின் விலை, வியூஃபைண்டரின் விலை ஆகியவை தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். மூன்றையும் பேட்டரி, சார்ஜர், முக்காலியோடு கூட்டிய தொகையே உண்மையான விலை. தொகை கைக்கு எட்டாதபோது பழைய ஒளிபரப்புக் கேமராக்களை நாடுவோர் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் மெனுவில் ஓடிய மணிநேரத்தைப் பாருங்கள்; ஜூமை விரிகோணத்திலிருந்து கடைசி வரை மெதுவாகச் செலுத்தி எங்காவது தடைபடுகிறதா என்று கவனியுங்கள்; லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து கைவிளக்கை அடித்து மறுபக்கம் வழியாக உற்றுப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அலமாரியில் கிடந்த லென்ஸுக்குள் மெல்லிய நூல்வலை போலப் பூஞ்சை தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நல்லதாக ஒன்று கிடைத்துவிட்டால், அதே நாளில் அதை முழுதாகக் கொள்ளும் அளவுக்கு ஓர் உலர்பெட்டியையும் வாங்கி, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.