இதயச் செயலிழப்பு: வீட்டுக் கவனிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘பம்பிங் குறைவு’, அதாவது இதயம் இரத்தத்தை இறைக்கும் திறன் குறைந்திருக்கிறது என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய பிறகு, இதயச் செயலிழப்புக்கான சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. அங்கே நேரும் பிசகுகளையெல்லாம் நோயாளியின் அசட்டை என்று தள்ளிவிடுவதே முதல் தவறு. விசாரித்துப் பார்த்தால் பேருந்து நேரம், கூலி, அடுப்படி யார் கையில் இருக்கிறது என்பன போன்றவையே பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன.

நீர் பிரியும் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். ராதாபுரம் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்குப் புறப்படுகிற பெண், வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்று அஞ்சி அன்றைக்கு அந்த மாத்திரையை விட்டுவிடுகிறார். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிப் பீடி சுற்றுபவருக்கோ, அடிக்கடி எழுந்து போவது வருமான இழப்பு. கோயில் கொடை நாட்களிலும் இதே கதைதான். விட்ட மாத்திரையால் உடலில் நீர் கோத்துக்கொள்ளும். நீர் பிரிவதற்குப் பெரும்பாலும் தரப்படும் ஃபுரோசமைடு மாத்திரையின் வேகம் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் தணிந்துவிடும் என்பதால், பயண நாளில் வீடு திரும்பியபின் பிற்பகலில் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இரவில் போட்டால் தூக்கம் கெடும். கேட்கக் கூச்சப்படுவதால்தான் பலர் சொல்லாமல் நிறுத்துகிறார்கள்.

கால் வீங்கினால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது அடுத்த தவறு. வீக்கம் கண்ணுக்குத் தெரியுமுன்பே லிட்டர் கணக்கில் நீர் சேர்ந்திருக்கக்கூடும். ஆகவே தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன், எடை பார்த்துக் காலண்டரில் குறித்து வர வேண்டும். மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது உடம்பு தேறியதற்கு அடையாளமன்று. மருத்துவரை அழைக்க வேண்டிய நேரம். கூடுதல் தலையணை இல்லாமல் படுக்க முடியாமை, நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருதல் ஆகியவற்றை ‘கேஸ்’ என்று எண்ணிச் சோடா குடித்துக் காலம் தாழ்த்தக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உப்பு விஷயம் இன்னும் சிக்கலானது. சொதியிலும் குழம்பிலும் உப்பைக் குறைத்துவிட்டு, தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் கருவாடும் அப்பளமும் வைத்தால் குறைத்ததற்குப் பொருளில்லை. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்குள், அடங்க வேண்டும். இந்துப்பும் உப்புதான். கடையில் விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். இந்நோய்க்குத் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன், ராமிப்ரில் போன்ற மாத்திரைகளை உண்பவருக்கு அது இரத்தத்தில் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றக்கூடும். இளநீரிலும் பொட்டாசியம் இருப்பதால், அதையும் இவர்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். ஆணுக்கு நோய் வந்தால் மனைவி தனிப் பாத்திரம் வைக்கிறார். பெண்ணுக்கு வந்தால் அவரே சமைத்து, வீட்டார் ருசிக்குப் போட்ட உப்பையே தானும் உண்கிறார். மருத்துவரின் அறிவுரையை வீட்டார் அனைவரும் கேட்டாலொழிய இது மாறாது.

மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆகியவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கி நோயை முற்ற வைக்கும். மருந்துச் சீட்டைக் காட்டாமல் எந்த வலி மாத்திரையும் வாங்க வேண்டாம்.

மூச்சு வாங்குவது நின்றதும் மாத்திரையை நிறுத்துவோரும் உண்டு. இளைப்பு அடங்கியிருப்பதே அந்த மாத்திரைகளால்தான். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. இதயச் செயலிழப்புக்கான மருந்துகள் முழுவதும் அதில் அடங்கிவிட்டன என்று எண்ணாமல், சீட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்க, தனியாக வாழும் முதியவரின் மனச்சோர்வும் மறதியும் பலர் கண்ணில் படுவதில்லை. எடை பார்க்கத் தோன்றாததற்கும் மாத்திரை மிஞ்சிப்போவதற்கும் அவை காரணமாகலாம். தொலைபேசியில் ‘சாப்பிட்டீங்களா அப்பா’ என்று கேட்கிற பிள்ளை, இன்றைய எடை எவ்வளவு, நீர் மாத்திரை போட்டாயிற்றா என்றும் சேர்த்துக் கேட்கலாம்.